மீள்தகு கணிப்பும் அழித்தலின் ஆற்றற்செலவும்

1. முன்னுரை

கணிப்பொறி இயங்குங்கால் சூடேறுகின்றது என்பது யாவரும் அறிந்தது. 1946-இல் அமெரிக்க நாட்டில் இயங்கத் தொடங்கிய எனியாக் என்னும் பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அஃது ஏறத்தாழ 150 கிலோவாட் மின்திறனை உண்டது. அதன்பின் வந்த பொறிகள் ஒரு கணிப்பிற்குச் செலவிடும் ஆற்றல் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்துள்ளது. இக்குறைவிற்கு முடிவு உண்டா? வண்டியச்சின் உராய்வை எண்ணெயிட்டுக் குறைப்பதுபோலப் பொறியைத் திருத்தித் திருத்தி வெப்பத்தை வேண்டுமளவு குறைத்துவிடலாமா? அன்றி, எத்துணைத் திருத்தினும் குறையாத ஓர் எல்லை, பொறியின் குறையால் அன்றிக் கணிப்பின் இயல்பாலேயே அமைந்துள்ளதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவிற்கு இயற்பியலார் கண்ட விடை வியப்பிற்குரியது. எண்ணுவதற்கும் கூட்டுவதற்கும் ஒப்பிடுவதற்கும் இயற்கை கட்டாய விலை எதனையும் விதிக்கவில்லை. முன்னிருந்த செய்தியை அழிப்பதற்கே விலை விதித்துள்ளது என்பது அவ்விடை. சுருங்கக் கூறின், கணித்தலுக்கு விலை இல்லை. மறத்தலுக்கே விலை உண்டு.

இயற்பியற் பொருளைத் தமிழாய்வு இதழில் எழுதுதற்கு இரண்டு காரணங்கள் உள. நம் இலக்கியங்களும் அகராதிகளும் கல்வெட்டுப் படிகளும் இன்று கணிப்பொறியில் ஏறிவிட்டன. அவற்றைத் தேடியும் ஒப்பிட்டும் ஆராய்வார் அக்கருவியின் இயல்பை அறிதல் நன்று என்பது ஒன்று. இக்கொள்கையின் உயிர்நாடியாகிய கருத்து, புணர்ச்சியிலக்கணம் கற்றார்க்குப் புதியது அன்று என்பது மற்றொன்று.

2. சொற்பொருள் வரையறை

இப்பொருள் பற்றித் தமிழில் எழுதுவார்க்கு முதற்கண் ஓர் இடர் எழுகின்றது. 'மீள்பார்வை', 'மீள்பதிப்பு' என்னுந் தொடர்களில் 'மீள்' என்பது 'மறுபடியும்' என்னும் பொருளில் வழங்குகின்றது. ஆதலின் 'மீள்கணிப்பு' எனின், ஒருமுறை கணித்ததனையே மறுமுறை கணித்தல் என்று கற்பார் மயங்குவர். ஈண்டுக் கருதப்படுவது அதுவன்று. சென்ற வழியே திரும்பிவருதல் என்பதே மீள்தல் என்னும் வினையின் இயற்பொருள். அப்பொருளே ஈண்டு வேண்டப்படுவது. விடையிலிருந்து தொடங்கி, நடந்த படிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நடந்து, தொடக்க நிலையை ஐயமின்றி அடையத்தக்க கணிப்பினை யாம் 'மீள்தகு கணிப்பு' என வழங்குவோம். அங்ஙனம் திரும்ப இயலாததனை 'மீளாக் கணிப்பு' என்போம்.

கணிப்பொறி தன் செய்தி யாவற்றையும் 0, 1 என்னும் இரண்டனுள் ஒன்றாகவே கொள்ளும். இவ்விரண்டனுள் எது என்று தெரிவிக்கும் மிகச் சிறிய செய்தியை, ஆங்கிலத்தார் பிட் என்பதனை, இருமக்குறி என்போம்.

3. புணர்ச்சியில் மீள்வதும் மீளாததும்

மணி என்பதும் அடி என்பதும் புணர்ந்து மணியடி என்றாகின்றன. இடையே தோன்றிய யகரம் உடம்படுமெய் என அறிந்து அதனை நீக்கின், நிலைமொழியும் வருமொழியும் முன்னிருந்தவாறே கிடைக்கின்றன. இஃது எழுத்தளவில் மீளத்தக்க புணர்ச்சி.

இனி, வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வருங்கால் லகரமும் னகரமும் றகரமாகத் திரிவதனை நோக்குவோம். கல் என்பது குவியலொடு புணர்ந்து கற்குவியல் என்றாகின்றது. பொன் என்பது குடத்தொடு புணர்ந்து பொற்குடம் என்றாகின்றது. அவ்வாறே முள் என்பது முட்செடி எனவும், மண் என்பது மட்குடம் எனவும், ளகரமும் ணகரமும் டகரமாகத் திரிகின்றன. புணர்ந்த வடிவில் உள்ள றகரத்தை மட்டும் நோக்குவார்க்கு, அது லகரத்திலிருந்து வந்ததோ னகரத்திலிருந்து வந்ததோ என்பது புலப்படாது. இரண்டு வேறு தொடக்கங்கள் ஒரே முடிவில் சென்று கலந்துவிட்டன. நாம் கல் என்னுஞ் சொல்லையும் பொன் என்னுஞ் சொல்லையும் முன்னரே அறிந்திருத்தலின் பிரித்துவிடுகின்றோம். விதி இழந்ததனை நம் சொல்லறிவு ஈடுசெய்கின்றது.

சொல்லறிவும் உதவாத இடம் உண்டு. தொல்காப்பிய உரையாசிரியர் காட்டும் செம்பொன்பதின்றொடி என்னும் எடுத்துக்காட்டு மாணவரும் அறிந்ததே. செம்பு, ஒன்பதின்றொடி எனப் பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. செம்பொன், பதின்றொடி எனப் பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். எழுத்து ஒன்றே, பொருள் இரண்டு. இவ்விடத்து இசை வேறுபாடே பொருளை உணர்த்தும் என்பர். அவ்விசையும் கேளாது ஏட்டில் உள்ள எழுத்தை மட்டும் காண்பான் இழந்த செய்தி எவ்வளவு? 'செம்பா, பொன்னா' என்னும் ஒரு வினாவிற்குரிய விடையளவு. அதாவது சரியாக ஓர் இருமக்குறி.

புணர்ச்சியால் வெப்பம் எழுகின்றது என்று யாம் கூறவில்லை. பல தொடக்கங்கள் ஒரு முடிவில் கலக்குமிடத்துச் செய்தி இழக்கப்படும் என்னும் வடிவொப்புமை ஒன்றே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

4. கணிப்பொறியில் நிகழும் இழப்பு

5, 3 என்னும் எண்களைக் கூட்டினால் 8 கிடைக்கின்றது. 8 என்பதனை மட்டும் வைத்துக்கொண்டு தொடக்க எண்களைக் கூற இயலாது. 6, 2 ஆகவும் இருக்கலாம், 7, 1 ஆகவும் இருக்கலாம். ஆயின் 8 என்னும் விடையொடு 5 என்பதனையும் அழியாது வைத்திருப்பின், மற்றோர் எண் 3 என்பது ஒருதலை. எனவே கூட்டலை மீளாததாக்குவது கூட்டற்றொழில் அன்று. கூட்டியபின் தொடக்க எண்களைத் துடைத்தெறியும் நம் பழக்கமே.

கணிப்பொறியின் அடிப்படை உறுப்புகளிலும் இதனையே காண்கின்றோம். இரண்டு குறிகளை ஏற்று ஒரு குறியைத் தரும் வாயில்களுள் ஒன்று, 'இதுவும் 1, அதுவும் 1' என்னும்போது மட்டும் 1 என்னும் விடை தருவது. எண்ணும்மைப் பொருளில் இயங்குதலின் இதனை உம்மை வாயில் எனலாம். உள்ளே புகத்தக்க நிலைகள் நான்கு. வெளியே வரத்தக்கவை இரண்டே. விடை 0 எனின், அது மூன்று நிலைகளுள் எதிலிருந்து வந்தது என்பதனை அறியும் வழி இல்லை. இதற்கு மாறாக, 0 என்பதனை 1 ஆகவும் 1 என்பதனை 0 ஆகவும் மாற்றும் எதிர்மறை வாயில் மீளத்தக்கது. இருமுறை மறுத்தால் பழைய குறியே கிடைக்கும்.

இன்றைய பொறிகள் பெரும்பாலும் உம்மை வாயில் போன்ற மீளா வாயில்களால் ஆனவை. அவை ஒவ்வொரு நொடியிலும் எண்ணிறந்த குறிகளை அழித்துக்கொண்டே இயங்குகின்றன.

5. லாண்டவர் கொள்கை

கணிப்பிற்கு ஓர் இழிந்த அளவு ஆற்றல் வேண்டும் என்னுங் கருத்து முன்னரே தோன்றியது. ஜான் வான் நாய்மன் 1949-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பொழிவுகளில், கணிப்பின் ஒவ்வோர் அடிப்படைச் செயலுக்கும் அத்தகைய அளவு உண்டு எனக் கருதினார். அவர் 1957-இல் மறைந்தபின், அப்பொழிவுகள் 1966-இல் நூலாக வெளிவந்தன. இக்கருத்தினைத் திருத்தி வரையறை செய்தவர் ரால்ஃப் லாண்டவர். 1927-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக விளங்கிய இவர், 1961-இல் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் தம் கொள்கையை வெளியிட்டார். ஒவ்வொரு செயலுக்கும் அன்று, மீளாச் செயலுக்கே அவ்விலை உண்டு என்பது அவர் கண்ட வேறுபாடு.

அதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நடுவே சிறு மேடுடைய இரு குழிகள் உள. அவற்றுள் ஒன்றில் ஒரு குண்டு கிடக்கின்றது. இடக்குழியில் கிடப்பின் 0 எனவும், வலக்குழியில் கிடப்பின் 1 எனவும் கொள்வோம். குண்டு எங்கே உள்ளது என்பது முன்னரே தெரிந்திருப்பின், அதனை மெல்ல நகர்த்தி இடக்குழியில் சேர்த்தற்குக் கட்டாயச் செலவு எதுவும் இல்லை. மேட்டில் ஏற்றுகையில் கொடுத்த ஆற்றலை இறங்குகையில் திரும்பப் பெறலாம். ஆயின் 'அழித்தல்' என்பது இதுவன்று. குண்டு எக்குழியில் இருந்தாலும், அதனை நோக்காது, ஒரே செயலால் இடக்குழியில் சேர்த்தலே அழித்தல். இரண்டு நிலைகள் ஒன்றாதல் வேண்டும்.

இங்குத்தான் இயற்கை குறுக்கிடுகின்றது. அணுக்களின் இயக்கத்தை ஆளும் விதிகள் மீளத்தக்கவை. அவை இரண்டு வேறு நிலைகளை ஒருபோதும் ஒரே நிலையிற் கலக்கவிடா. எனவே குண்டின்கண் இருந்த 'இடமா, வலமா' என்னும் வேறுபாடு உண்மையில் மறைந்துபோதல் இயலாது. அது குண்டைவிட்டு நீங்கிச் சூழ்ந்துள்ள அணுக்களின் இயக்கத்தில் சென்று புகுகின்றது. எண்ணிறந்த அணுக்களின் ஒழுங்கற்ற இயக்கத்தில் கலந்துபோன வேறுபாட்டினையே நாம் வெப்பம் என்கின்றோம். பொறி மறந்ததனைச் சுற்றுப்புறம் வெப்பமாக ஏற்றுக்கொள்கின்றது.

அவ்வெப்பத்தின் இழிந்த அளவையும் லாண்டவர் கணக்கிட்டார். போல்ட்ஸ்மான் மாறிலியையும், சூழலின் தனிவெப்பநிலையையும், 2 என்னும் எண்ணின் இயல்மடக்கையையும் (ஏறத்தாழ 0.693) பெருக்கிக் கிடைப்பதே ஓர் இருமக்குறியை அழித்தற்குரிய விலை. 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அது 2.87 ஜூலை 10-இன் 21-ஆம் அடுக்கால் வகுத்த அளவாகும். இதன் சிறுமையை ஒருவாறு உணர்த்தலாம். 10,000 கோடி கோடி இருமக்குறிகளை அழித்தாலும் செலவாவது ஏறத்தாழ 0.003 ஜூல், ஒரு கிராம் எடையை 30 சென்டிமீட்டர் உயர்த்துதற்கு வேண்டிய ஆற்றலே அது. அளவு சிறிதாயினும் அதனைச் சுழி எனல் இயலாது. இதுவே இக்கொள்கையின் சிறப்பு.

6. மாக்ஸ்வெல்லின் வாயிற்காவலன்

இக்கொள்கை நெடுங்காலமாகத் தீராதிருந்த ஒரு புதிரையும் தீர்த்தது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1867-இல் தம் நண்பர்க்கு எழுதிய மடலில் ஒரு கற்பனையைக் குறித்தார். பின்னர் 1871-இல் வெளிவந்த வெப்பம் பற்றிய தம் நூலிலும் அதனை எழுதினார். காற்று நிறைந்த இரண்டு அறைகளுக்கிடையே ஒரு சிறு வாயில். அதன்கண் நுண்ணிய காவலன் ஒருவன். விரைந்து வரும் மூலக்கூறுகளை ஒருபுறமும் மெல்ல வரும் மூலக்கூறுகளை மறுபுறமும் செல்லுமாறு கதவைத் திறந்து மூடுகின்றான். நாளடைவில் ஓரறை சூடாகவும் மற்றோர் அறை குளிராகவும் மாறும். உழைப்பின்றி இவ்வேறுபாட்டை உண்டாக்குதல் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு முரணாகும். காவலனிடம் உள்ளது அறிவு ஒன்றே. அவ்வறிவு விதியை வெல்லுமோ?

லியோ சிலார்டு 1929-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே ஒரு மூலக்கூற்றைக் கொண்ட பொறியைக் கற்பனை செய்து, ஓர் இருமக்குறி அளவு அறிவிலிருந்து எவ்வளவு வேலை பெறலாம் என்று கணக்கிட்டார். கிடைத்த அளவு, மேலே யாம் கூறிய விலையே. ஆயினும் அவ்வறிவைப் பெறும் அளத்தற் செயலிலேயே ஈடான செலவு நிகழ்கின்றது என்று அவரும் அவர்வழி வந்தோரும் கருதினர். சார்லஸ் பென்னட் 1982-இல் இதனைத் திருத்தினார். அளத்தலைச் செலவின்றிச் செய்தல் இயலும். ஆயின் காவலன் கண்டதனையெல்லாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவன் நினைவு எல்லையற்றது அன்று. அது நிறைந்தவுடன் புதியன கொள்ளும்பொருட்டுப் பழையன அழித்தல் வேண்டும். அங்ஙனம் அழிக்கும்போது, முன்பு ஈட்டிய ஆதாயம் அனைத்தையும் வெப்பமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றான். இரண்டாம் விதி பிழைத்தது, காவலன் மறந்தாக வேண்டியிருப்பதால்.

7. அழியாது கணிக்கும் வழி

அழித்தற்கே விலை எனின், அழியாமலே கணித்தல் இயலுமா என்பது அடுத்த வினா. லாண்டவரே தம் 1961-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு தடையைக் கூறினார்: இடைநிலைச் செய்திகளை அழியாது வைத்துக்கொண்டே சென்றால் பொறி அவற்றால் நிறைந்துவிடும், இறுதியில் அவற்றை அழித்தே ஆகவேண்டும், எனவே செலவு தள்ளிப்போகுமேயன்றி நீங்காது.

இத்தடைக்கு 1973-இல் விடை கண்டவரும் அதே நிறுவனத்தைச் சேர்ந்த பென்னட்டே. அவர் கூறிய வழி மூன்று படிகளை உடையது. முதற்படியில், பொறி தன் ஒவ்வோர் அடியையும் ஒரு வரலாற்றுச் சுவடியில் பதிந்துகொண்டே விடையை அடைகின்றது. இரண்டாம் படியில், விடையை மட்டும் வெற்றிடமான வேறோர் ஏட்டில் படியெடுத்துக்கொள்கின்றது. மூன்றாம் படியில், வரலாற்றுச் சுவடியைத் துணைக்கொண்டு, வந்த வழியே ஒவ்வோரடியாகத் திரும்பிச் செல்கின்றது. ஒவ்வோர் அடி திரும்புங்காலும் அவ்வடிக்குரிய பதிவு நீங்குகின்றது. தொடக்க நிலையை அடையும்போது சுவடி வெறுமையாகிவிடும். எஞ்சுவன வினாவும் விடையும் மட்டுமே. சுவடியின் குறிகள் அழிக்கப்படவில்லை. எழுதிய முறையே எழுத்துநீங்கப் பெற்றன. கண்மூடித் துடைத்தற்கும், இன்னது எழுதினோம் என அறிந்து அதனைத் திருப்பிக்கொள்ளுதற்கும் உள்ள வேறுபாடு, மேற்காட்டிய இரு குழிகளில் யாம் கண்ட வேறுபாடே.

பதிப்புத்துறையில் பயின்றார்க்கு இஃது எளிதில் விளங்கும். பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை மட்டும் தெரிந்து ஏனையவற்றை விட்டுவிடும் பதிப்பு மீளாப் பதிப்பு. அதிலிருந்து மூல ஏடுகளின் நிலையை எவரும் அறிய இயலாது. பாடவேறுபாடுகளை ஏட்டின் பெயரொடு அடிக்குறிப்பில் தரும் பதிப்பு மீளத்தக்கது. பதிப்பாசிரியர் முடிபோடு உடன்படாதார், அக்குறிப்பின் வழியே திரும்பிச் சென்று வேறு முடிபு காணலாம்.

மீள்தகு கணிப்பிற்கு ஏற்ற வாயில்களும் வகுக்கப்பட்டன. தோமாசோ தொஃபோலி 1980-இல் கூறிய வாயில் மூன்று குறிகளை ஏற்று மூன்று குறிகளைத் தருவது. முதலிரண்டும் மாறாது வெளிவரும்; அவ்விரண்டும் 1 ஆயின் மட்டும் மூன்றாவது மாறும். மூன்றாம் குறியை 0 என வைத்துத் தொடங்கின், அதன் முடிவு உம்மை வாயிலின் விடையே. ஆயின் உள்ளே புகுந்த குறிகளும் உடன் வருதலின் இழப்பு இல்லை. அதே வாயிலில் மறுமுறை செலுத்தின் பழைய நிலை திரும்பும். 1982-இல் தொஃபோலியும் எட்வர்டு ஃபிரெட்கினும், உராய்வற்ற தளத்தில் ஒன்றோடொன்று மோதிச் செல்லும் பந்துகளாலேயே எக்கணிப்பையும் மீளத்தக்கவாறு நிகழ்த்தலாம் எனக் கொள்கையளவில் காட்டினர்.

8. தடையும் விடையும்

இக்கொள்கைபற்றி எழும் தடைகளுள் மூன்றனை ஆராய்வோம்.

லாண்டவர் கொள்கைக்குத் தரப்படும் நிறுவல்கள் இரண்டாம் விதியை முன்னரே உண்மையெனக் கொண்டு, பின்னர் அவ்விதியைக் காப்பதாகக் கூறுகின்றன. இது சுழன்றுவரும் வாதம் என்பது முதல் தடை. ஜான் இயர்மன், ஜான் நார்ட்டன் ஆகிய மெய்யியலறிஞர் 1990-களின் இறுதியில் இதனை வலியுறுத்தினர். அத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. ஆயினும் ஆய்வுக்கூடச் சான்றும் உளது. 2012-இல் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகர ஆய்வாளர்கள், நீரில் மிதக்கும் 2 மைக்ரோமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணியொன்றை லேசர் ஒளியால் அமைத்த இரு குழிகளுள் நிறுத்தி, அக்குறியை அழித்துப் பார்த்தனர். மெல்ல மெல்ல அழிக்கும்போது சராசரி வெப்பம் லாண்டவர் கூறிய எல்லையை நெருங்கியதேயன்றி அதற்குக் கீழே செல்லவில்லை.

இன்றைய பொறிகள் அவ்வெல்லையினும் பல்லாயிரம் மடங்கு செலவிடுகின்றனவாதலின் இவ்வாராய்ச்சியால் பயன் என்னை என்பது இரண்டாம் தடை. செலவின் பெரும்பகுதி இன்று பிற காரணங்களால் நிகழ்கின்றது என்பது மெய்யே. ஆயினும் குறியொன்றை மாற்றும்போதெல்லாம் அதற்குரிய மின்னேற்றத்தை நிலத்தில் கொட்டிவிடும் முறையே அச்செலவிற்குப் பெருங்காரணம். மேட்டு நீரைத் திடீரென மடை திறந்து பள்ளத்தில் விழவிட்டால், அதன் ஆற்றல் வீணாகும். இரு மட்டங்களையும் ஒத்த நிலையில் மெல்ல உயர்த்தித் தாழ்த்தினால் வீண் குறையும். மின்னழுத்தத்தையும் அவ்வாறே மெல்ல ஏற்றி மெல்ல இறக்கி, மின்னேற்றத்தைத் திரும்பப்பெறும் சுற்றுகள் உள. குறி இன்னது என அறிந்தாலன்றி அதனைத் திரும்பப்பெறுதல் இயலாது. ஆதலின் இம்முறையின் முழுப்பயனும் மீள்தகு கணிப்பாலேயே கிட்டும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990-களில் இந்நெறிப்படி முழுதும் மீளத்தக்க செயலி அமைக்கப்பட்டது.

அங்ஙனமாயின் ஆற்றலே வேண்டாத பொறி கிட்டுமோ என்பது மூன்றாவது. கிட்டாது. மெல்லச் சென்றால்தான் செலவு குறையும். விரைவு கூடுந்தோறும் செலவும் கூடும். இடைநிலைச் செய்திகளை வைத்தற்கு மிகுதியான இடமும், திரும்பி வருதற்கு மிகுதியான காலமும் வேண்டும். பொறியிற் புகும் பிழைகளைத் திருத்துவதும் ஒருவகை அழித்தலே. அதற்குரிய விலையைத் தவிர்த்தல் இயலாது. எனவே 'ஆற்றல் வேண்டாக் கணிப்பு' என எழுதுதல் பிழை. கட்டாய விலை கணித்தலுக்கு இல்லை என்பதே கொள்கை. எவ்வகை விலையும் இல்லை என்பது அன்று.

9. முடிவுரை

உலகில் செய்தி வைப்பகங்கள் 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்னாற்றலை நுகர்ந்தன எனப் பன்னாட்டு ஆற்றல் முகமை மதிப்பிட்டுள்ளது. இஃது உலக மின்னுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. மொழிகளைக் கற்று எழுதும் பொறிகளின் பெருக்கத்தால் இவ்வளவு வளர்ந்துவருகின்றது. பழைய திருத்த முறைகளின் ஆதாயம் குறைந்துவரும் இந்நாளில், அழியாது கணித்தல் என்னும் கருத்து, நூலறிவார் மட்டும் பேசும் பொருளாக நில்லாது பொறியியலாரின் முயற்சிக்கும் உரியதாகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. கணிப்பின் இன்றியமையாச் செலவு அழித்தலைச் சார்ந்தது. பல தொடக்கங்கள் ஒரு முடிவிற் கலக்குமிடத்தே அழித்தல் நிகழ்கின்றது. அக்கலப்பைத் தவிர்த்து வந்த வழியைப் போற்றினால் அச்செலவைக் குறைத்தல் இயலும். எல்லாவற்றையும் சேர்த்துவைத்தல் செலவற்றது என இதனால் முடிபு செய்தல் பொருந்தாது. இன்றைய கருவிகளில் சேமித்தற்கும் மின்னாற்றல் வேண்டும்.

செய்தி என்பது கருத்துலகில் மிதக்கும் ஒன்றன்று. அதற்குப் பொருளுலகில் இடம் உண்டு, விலை உண்டு என்பதனை லாண்டவர் தம் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தி 1999-இல் மறைந்தார். ஓலையிலும் கல்லிலும் எழுதப்பெற்றவற்றை ஆராய்வார் இவ்வுண்மையை முன்னரே ஒருவாறு உணர்ந்தவர். ஓலை செல்லரித்தால் எழுத்தும் செல்லரிக்கும். அழிந்த பாடத்தை மீட்டற்கு ஒரு வாழ்நாளைச் செலவிட்டும் மீட்கவியலாது நின்ற பதிப்பாசிரியர் பலர். அவர்தம் உழைப்பை அறிந்தார்க்கு, மறத்தலுக்கு விலை உண்டு என்னும் இயற்கை விதி புதுமையாகத் தோன்றாது.